தென்னாப்பிரிக்காவின் டர்பனில் தொடர் காபிக் கடைகள் எல்லா வகை வாடிக்கையாளரையும் வரவழைப்பது எப்படி

ஒரே பெயரில் பல கிளைகள் நடத்துபவர்கள் புதிய வாடிக்கையாளரைத் தேடும்போது முதலில் விளம்பரத்துக்குத்தான் பணம் ஒதுக்குகிறார்கள். அதற்கு முன்பாக ஒவ்வொரு கிளையிலும் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கோடு போட்ட நோட்டை வையுங்கள். யார் வந்தார்கள், எத்தனை பேராக வந்தார்கள், எவ்வளவு நேரம் உட்கார்ந்தார்கள், எதைக் கேட்டு இல்லை என்றதும் திரும்பினார்கள் என்பதை மணிக்கு ஒரு முறை, இரண்டு வாரம் விடாமல் ஊழியர்கள் அதில் எழுதட்டும். பில் போடும் இயந்திரத்தில் விற்றவை மட்டுமே பதிவாகும்; கேட்டுக் கிடைக்காமல் போனவை அந்த நோட்டில்தான் இருக்கும்.

நோட்டில் வயதையோ இனத்தையோ எழுதவேண்டாம் என்று உறுதியாகச் சொல்லிவிடுங்கள். 1950ஆம் ஆண்டின் குழுப் பகுதிச் சட்டம் மக்களை நிறம் பார்த்துப் பிரித்துக் குடியேற்றிய நாடு இது. டர்பனில் இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வர்த் பகுதி அப்படித்தான் உருவானது. சட்டம் போய்விட்டது, ஆனால் 'இந்தியர் பகுதி என்றால் இது விற்கும், கறுப்பர் பகுதி என்றால் அது விற்கும்' என்ற கணக்கு வியாபாரத்தில் இன்னும் இருக்கிறது. அது நியாயமற்றது, கடைக்கு நஷ்டமும்கூட. காலை ஆறு மணிக்குக் கடற்கரை நடைபாதையில் நடந்துவிட்டு வரும் பெண்ணுக்குக் கையில் பிடித்துப் போகும் ஒரு கோப்பை போதும். அவரே பதினோரு மணிக்குத் தாயாரை மருத்துவரிடம் காட்டிவிட்டு வரும்போது, சாய்ந்து உட்கார நாற்காலி தேடுகிறார். புரட்டாசிச் சனிக்கிழமையில் முட்டை சேராத பலகாரம் கேட்கிறார். ஆள் ஒருவர்தான், கடை கவனிக்க வேண்டிய வாடிக்கையாளர்கள் மூவர்.

காலை நேரத்துக்கு ஏற்பாடு எளிது. டிசம்பரில் டர்பனில் ஐந்து மணிக்கு முன்பே விடிந்துவிடுகிறது. கடற்கரைக் கிளையை ஏழு மணிக்குத் திறந்தால் நடப்பவர்களும், அலைச்சறுக்கு வீரர்களும், காம்ரேட்ஸ் மாரத்தானுக்குப் பயிற்சி எடுப்பவர்களும் வீடு திரும்பியிருப்பார்கள். ஒரு ஜன்னல், மூன்று வகைக் காபி, வாழைப்பழம், குளிர்ந்த தண்ணீர் இருந்தால் போதும்.

உணவுக் கட்டுப்பாடு உள்ளவர்கள் விஷயத்தில்தான் தொடர் கடைகள் அதிகம் இழக்கின்றன. நான் சில ஆண்டுகளுக்கு முன் வேலை பார்த்த ஒரு கிளையில், புரட்டாசி மாதத்தில் ஒரு குடும்பத்தினர் ஆறு பேர் வந்து உட்கார்ந்தார்கள். வெள்ளைச் சேலை கட்டிய ஆயா ஒருவர் என்னை அழைத்து, "இந்த சீஸ் ரொட்டியை பேக்கன் சுடும் தட்டிலேயா சுடுகிறீர்கள், தம்பி?" என்று மெதுவாகக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. சமையலறையில் போய்ப் பார்த்தேன். பேக்கன் என்ற பன்றி இறைச்சிக்கும் ரொட்டிக்கும் ஒரே தட்டுதான், ஒரே இடுக்கிதான். உள்ளதைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, பையை எடுத்துக்கொண்டு எழுந்தார், மற்ற ஐந்து பேரும் கூடவே எழுந்தார்கள். ஒருவரின் விரதம் ஆறு பேரின் இடத்தை முடிவு செய்கிறது என்பது எனக்கு அன்றுதான் புரிந்தது.

ஆகவே சைவத்துக்குத் தனித் தட்டும் பச்சைப் பிடி போட்ட இடுக்கியும் ஒதுக்குங்கள். முட்டையில்லாத ஒரு மஃபினையாவது தினமும் வையுங்கள். சூடான சாக்லேட்டோடு தரும் மார்ஷ்மெல்லோவில் பெரும்பாலும் விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் இருக்கும். அதைக் கேட்காமல் கோப்பையில் போடக்கூடாது என்று ஊழியர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். முஸ்லிம் குடும்பங்கள் பல வாழும் ஓவர்போர்ட் போன்ற பகுதிகளில் ஹலால் சான்றிதழ் இல்லாமல் பல குடும்பங்கள் உள்ளே வரமாட்டார்கள். பன்றி இறைச்சி கையாளும் சமையலறைக்கு அந்தச் சான்றிதழ் கிடைக்காது என்பதால், எந்தக் கிளையில் பேக்கன் வேண்டாம் என்பதைத் தலைமை அலுவலகம் கிளைவாரியாகத் தீர்மானிக்க வேண்டும். எல்லாக் கிளைக்கும் ஒரே மெனு என்ற பிடிவாதம் இங்கே உதவாது.

முதியவர்களுக்கு வேறொரு குறை உண்டு. இந்த ஊர் வீடுகளில் பல தலைமுறையாகக் குடித்துப் பழகியது, சிக்கரி கலந்த டப்பாக் காபித் தூளைக் கொதிக்கும் பாலில் கலந்த பானம். தமிழ்நாட்டு ஃபில்டர் காபியிலும் சிக்கரி சேர்வதுண்டு. இவர்களுக்குக் கடைக் காப்புச்சினோ புளிக்கிறது, அதோடு ஆறியும் போயிருக்கிறது. பாலை 60 முதல் 65 டிகிரி வரை சூடாக்குவதே பரிஸ்டாக்களுக்கு, அதாவது கடையில் காபி தயாரிப்பவர்களுக்கு, கற்றுத்தரும் முறை. அதற்கு மேல் போனால் பாலின் இனிப்புக் குறையும் என்பது உண்மைதான். ஆனாலும் கோப்பையை வெந்நீரால் சூடாக்கி, பாலை 70 டிகிரிக்குக் கொண்டுபோய், 'பெரியவர் சூடு' என்று ஒரு வகையை மெனுவில் எழுதிப் பாருங்கள். சிக்கரி கலந்த காபி ஒன்றையும் வெட்கப்படாமல் விலைப்பட்டியலில் சேருங்கள். காஃபின் ஆகாதவர்களுக்கு செடர்பெர்க் மலைப்பகுதியின் ரூயிபோஸ் என்ற மூலிகைத் தேநீர் இருக்கிறது. அதை எஸ்பிரஸோ போல அடர்த்தியாக இறக்கிப் பாலோடு தந்தால், மற்றவர்கள் காபி குடிக்கும் மேசையில் அவர்களுக்கும் ஒரு நல்ல கோப்பை கிடைக்கும்.

மாணவர்களும் மடிக்கணினியோடு வருபவர்களும் இடத்தை அடைக்கிறார்கள் என்று மேலாளர்கள் புலம்புவதைக் கேட்டிருக்கிறேன். அவர்களுக்குப் பின்சுவரோரம் நீண்ட மேசையும் பிளக் பாயின்ட்டும் கொடுங்கள், இரண்டாவது கோப்பைக்கு விலையைக் குறையுங்கள். 2022, 2023ஆம் ஆண்டுகளின் கடும் லோட்ஷெட்டிங்கின்போது, அதாவது முறைவைத்த மின்வெட்டின்போது, வெளிச்சமும் வை-ஃபையும் இருந்த கடையைத் தேடித்தான் ஊரே அலைந்தது. எஸ்பிரஸோ இயந்திரத்தை ஓட்டுமளவுக்கு இன்வெர்ட்டர் வாங்க முடியாவிட்டாலும், விளக்குக்கும் ரூட்டருக்கும் கல்லாவுக்கும் சிறியது ஒன்று போதும். காஸ் அடுப்பில் வெந்நீர் வைத்து ஃபில்டரில் காபி இறக்கலாம்.

டர்பன் இருக்கும் குவாசூலு-நாட்டால் மாகாணத்தில் பெரும்பான்மையோர் பேசும் மொழி ஜூலு. மெனுவை அந்த மொழியிலும் அச்சிடுங்கள். வருபவரை 'சவுபோனா' என்று வரவேற்க எல்லா ஊழியர்களும் பழகட்டும், மூதாட்டியை 'கோகோ' என்று மரியாதையாக அழைக்கட்டும். இதற்குச் செலவே இல்லை.

நோட்டு எழுதும் இரண்டு வாரம் முடிந்ததும் ஒரு நேரத்தில் ஒரு மாற்றத்தை மட்டும் செய்து, ஒரு மாதம் பொறுத்துப் பாருங்கள். நான்கைச் சேர்த்துச் செய்தால் எது பலித்தது என்று தெரியாது. மாற்றத்தைக் கிளை மேலாளரே தேர்ந்தெடுக்கட்டும். நோட்டைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பும்போது சுருக்கித் தட்டச்சு செய்யாமல், எழுதிய பக்கங்களையே படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். சுருக்கும்போது 'ஆறு பேர் எழுந்து போனார்கள்' என்ற வரிதான் முதலில் விடுபடும்.