மாட்டுக் கொட்டகைக்கு எந்த ஆர்.சி.சி.பி. வாங்குவது?

தாராபுரம் பக்கம் ஒரு தோட்டத்தில் கறவை மாடு தண்ணீர் குடிக்க மறுக்கிறது என்று என்னைக் கூப்பிட்டார்கள். முதலில் வந்த கால்நடை மருத்துவர், "மாட்டுக்கு ஒன்றுமில்லை, வயர்மேனைக் கூப்பிடுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மாடு தொட்டியருகே வந்தது. மூக்கை நீட்டியது. உதடு தண்ணீரில் பட்டதும் தலையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டது. சற்றுப் பொறுத்து மறுபடி வந்தது, மறுபடி இழுத்தது. குழாய்க்கும் ஈரத்தரைக்கும் இடையே மீட்டரை வைத்தேன்: 11 வோல்ட். ரப்பர் செருப்புப் போட்டிருந்த எனக்கு எதுவும் உறைக்கவில்லை. சாணி ஈரத்தில் நாலு காலையும் ஊன்றி நிற்கும் மாட்டுக்கு அதுவே அதிகம்.

மின் பெட்டியைத் திறந்தால், நல்ல ஆர்.சி.சி.பி. (மின்கசிவு கண்டால் தானாகக் கீழே விழுந்து மின்சாரத்தை வெட்டும் கருவி) ஒன்று உள்ளேதான் இருந்தது. ஆனால் அதன் மேல்முனைகளையும் கீழ்முனைகளையும் துண்டுக் கம்பிகள் நேராக இணைத்திருந்தன. "பால் கறக்கும் நேரம் பார்த்து விழுந்துவிடுகிறதுங்க, அதனால்தான்" என்றார் தோட்டக்காரர். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மோட்டாரின் டெர்மினல் பெட்டிக்குள் ஒரு பல்லி செத்துக் காய்ந்து கிடந்தது. எர்த் கம்பியோ துருப்பிடித்து அறுந்திருந்தது. ஆர்.சி.சி.பி. தன் வேலையைத்தான் செய்துகொண்டிருந்தது. வீடு, கொட்டகை, மோட்டார் எல்லாவற்றுக்கும் அது ஒன்றே காவல் என்று மாட்டியதுதான் தவறு.

பேஸில் போன மின்னோட்டம் முழுவதும் நியூட்ரலில் திரும்பி வருகிறதா என்று இந்தக் கருவி கணக்குப் பார்க்கிறது. வராத மிச்சம் எங்கோ மண்ணுக்குள் இறங்குகிறது என்று பொருள். 30 மில்லி ஆம்பியர் என்று எழுதிய கருவி 15-க்கு மேல் எங்கு வேண்டுமானாலும் விழலாம், 30-இல் கட்டாயம் விழ வேண்டும். பழைய நீர்மூழ்கி மோட்டார் கேபிள், நனைந்த விளக்கு, சோளத்தட்டு வெட்டும் இயந்திரம் என்று ஒவ்வொன்றும் இரண்டு மூன்று மில்லி ஆம்பியர் கசியவிட்டால், பழுதே இல்லாமல் அந்த 15-க்குப் பக்கத்தில் போய்விடும். பிறகு ஒரு மழை போதும்.

ஆகவே பிரித்துப் போடுங்கள். கொட்டகைக்குக் கேபிள் கிளம்பும் இடத்தில் 300 மில்லி ஆம்பியர் கருவி, 'எஸ்' எழுத்துப் போட்ட, சற்றுத் தாமதித்து விழும் வகை. அது கேபிளையும் தீ ஆபத்தையும் பார்த்துக்கொள்ளும். மனித உயிரைக் காக்க அது போதாது. கொட்டகைக்குள் பிளக் பாயின்ட்டுகளுக்கும் விளக்குகளுக்கும் தனித்தனி 30 மில்லி ஆம்பியர். பால் கறக்கும் இயந்திரத்துக்கு இன்னொன்று, அதற்கு மட்டும். கொட்டகையில் கசிந்தால் அந்த ஒரு கிளை மட்டும் விழும், தாமத வகை பொறுத்துக்கொள்ளும். கையில் பணம் குறைவென்றால் முதலில் பிளக் பாயின்ட்டுக்கு 30 போடுங்கள். ஈரக் கையோடு தொடுவது அங்கேதான்.

ஆர்.சி.சி.பி. அதிகச் சுமைக்கு விழாது, அதற்கு விழும் எம்.சி.பி. சுவிட்சு தனியாக வேண்டும். இரண்டும் சேர்ந்த ஆர்.சி.பி.ஓ. வாங்கினால் பெட்டியில் இடம் மிச்சம்.

கடையில் கருவியின் முகத்தைக் கண்ணருகே வைத்துப் பாருங்கள். சிறு கட்டத்துக்குள் அலை மட்டும் வரைந்திருந்தால் 'ஏசி' வகை. பழைய விளக்குக்கும் சாதாரண மோட்டாருக்கும் சரி. அலைக்குக் கீழே அரைவட்ட மேடுகளும் இருந்தால் 'ஏ' வகை. எல்.இ.டி., மின்னணுக் கட்டுப்பாடு உள்ள இயந்திரங்களுக்கு 'ஏ'தான் வேண்டும், நான் இப்போது வேறு வாங்குவதில்லை. மூன்று பேஸில் வேகத்தை மாற்றும் டிரைவ் போட்டிருந்தால் 'பி' வகை கேட்கும், விலை கூடுதல். ஐ.எஸ். 12640 என்ற எண்ணும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இல்லாததைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

எர்த் இல்லாமல் இதை நம்ப வேண்டாம். எர்த் இருந்தால் மோட்டாரில் கசிவு தொடங்கியதும் கருவி விழும். இல்லையென்றால் யாராவது தொடும்வரை காத்திருக்கும். 300 மில்லி ஆம்பியருக்கு, தொடும் உலோகத்தில் ஏறக்கூடிய மின்னழுத்தத்துக்கு 50 வோல்ட் எல்லை வைத்துக் கணக்கிட்டால் எர்த் தடை 166 ஓமுக்குள் வேண்டும். மாடு நிற்கும் இடத்தில் 25 வோல்ட் வைத்து 83 ஓம் என்று பார்ப்பது என் வழக்கம். சித்திரை வெயிலில், மண் காய்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். ஐப்பசியில் அளந்தால் எல்லா எர்த்தும் நல்ல எர்த்தாகத் தெரியும். புதிதாகக் கட்டுபவர்கள் தரைக்குள் போடும் கம்பி வலை, கட்டுத்தறிக் குழாய், தண்ணீர்க் குழாய் மூன்றையும் சேர்த்து இணைத்து எர்த்தில் கொடுங்கள். காரை போட்ட பிறகு இந்த வேலை நடக்காது.

நியூட்ரல் வராத மோட்டார் ரூமில் ஒரு பேஸும், மண்ணில் அடித்த கம்பியும் வைத்துக் குண்டு பல்பு எரிப்பவர்கள் எத்தனையோ பேர். ஆர்.சி.சி.பி. மாட்டிய அன்றே அந்த விளக்கு அதை விழத்தள்ளும். கருவி கெட்டுவிட்டது என்று கடைக்கு ஓடாதீர்கள். மின் வாரிய இணைப்பிலிருந்து முறையாக நியூட்ரல் எடுத்துக்கொள்ளுங்கள். வேலையை லைசென்ஸ் உள்ள வயர்மேனிடம் கொடுங்கள்.

மாதம் ஒருமுறை 'டி' என்ற சோதனைப் பொத்தானை அழுத்துங்கள், பால் பணம் வாங்கும் நாளில் என்று வைத்துக்கொண்டால் மறக்காது. கருவி தானாக விழுந்தால் அந்தக் கிளையின் பிளக்குகளையெல்லாம் பிடுங்கிவிட்டு மேலே தள்ளுங்கள். நின்றால், ஒவ்வொன்றாகச் செருகிப் பாருங்கள். எதைச் செருகும்போது விழுகிறதோ, அதில்தான் பழுது. ஒன்றுமே செருகாமல் விழுந்தால், கூரையோரம் எலி கடித்த கம்பி இருக்கிறதா என்று பாருங்கள். தாராபுரத்து மாடு அன்று சாயங்காலமே இரண்டு வாளி குடித்தது.