பழைய உருவமும் புதிய உருவமும் ஒரே படத்தில்

திருகோணமலைக் கோணேசர் கோயில் வாசலில் திரளும் அடியார் கூட்டத்தை டாஸ் ஸ்டூடியோ என்ற முப்பரிமாணக் காட்சி மென்பொருளில் அமைக்க விரும்புவோர், 2006இல் வந்த விக்டோரியா 4 போன்ற பழைய ஆயத்த மனித உருவங்களைக் கழித்துவிட வேண்டியதில்லை. 2022இல் வெளியான ஜெனிசிஸ் 9 உருவங்களை முன்வரிசையில் நிறுத்திப் பழையவற்றைப் பின்னால் தள்ளினால் போதும். ஆனால், பழைய தோல் அமைப்புகள் காட்சியைப் படமாக்கித் தரும் ஐரே ரெண்டருக்கு முந்தியவை என்பதால், அப்படியே விட்டால் மெழுகு பூசியதுபோல் மினுங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே, அவற்றின் பரப்புகளைத் தெரிவு செய்து பரப்பின் நிறத்தையும் பளபளப்பையும் தீர்மானிக்கும் ஐரே ஊபர் ஷேடரை இட்டு, பளபளப்பைக் குறைத்து, புதிய உருவத்தின் தோலோடு ஒரே வெளிச்சத்தில் ஒப்பிட்டுப் பாருங்கள். விழியின் மேல் படர்ந்திருக்கும் கார்னியாப் பரப்புக்கு ஒளி ஊடுருவும் தன்மையைத் தனியே கொடுக்காவிட்டால், விழி சாம்பல் பூத்து நிற்கும். ஒரு தலைமுறை உருவத்துக்கான உடைகளை இன்னொரு தலைமுறை உருவத்துக்கு மாற்றி அணிவிப்பது, என் பார்வையில், கூட்டக் காட்சிக்குத் தேவையற்ற வேலை.