Σ, Π குறிகளை வாசிப்பது எப்படி?

கணக்குப் புத்தகத்தில் Σ வந்ததுமே பக்கத்தைப் புரட்டிவிடுபவர்கள் நிறையப் பேர். உண்மையில் அது ஒரு சிறிய கட்டளை: 'இந்த விதிப்படி வரும் எண்களையெல்லாம் கூட்டு.' கிரேக்க எழுத்தான சிக்மாவை இந்தப் பொருளில் 1755இல் பயன்படுத்தியவர் கணிதவியலாளர் ஆய்லர்.

படி 1: கீழிருந்து வாசியுங்கள்

Σ-வின் அடியில் 'க = 1', உச்சியில் '4', வலப்பக்கம் 'க²' என்று இருக்கட்டும். (பாடநூலில் ஆங்கில எழுத்து இருக்கும், எந்த எழுத்தானாலும் விடை ஒன்றுதான்.) அடியில் உள்ளது தொடக்கம், உச்சியில் உள்ளது முடிவு. க-வின் இடத்தில் 1, 2, 3, 4 என வரிசையாகப் போடுங்கள்.

1² + 2² + 3² + 4² = 1 + 4 + 9 + 16 = 30

படி 2: Π

வட்டத்துக்கு வரும் சிறிய π அல்ல, இது பெரிய பை. வாசிப்பது அதே முறையில்தான். கூட்டுவதற்குப் பதில் பெருக்க வேண்டும். க = 1 முதல் 5 வரை, வலப்பக்கம் வெறும் க என்றால்:

1 × 2 × 3 × 4 × 5 = 120

படி 3: மாறிலியை வெளியே எடுப்பது

தேர்வில் மதிப்பெண் போவது பெரும்பாலும் இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். க = 1 முதல் 3 வரை '2க' என்று வைத்துக்கொள்ளுங்கள். க மாறினாலும் மாறாமல் நிற்கும் 2தான் இங்கே மாறிலி.

கூட்டினால் 2 + 4 + 6 = 12. எல்லா உறுப்பிலும் 2 பொதுவாக இருப்பதால் அதை ஒரே ஒருமுறை வெளியே எடுக்கலாம்: 2 × (1 + 2 + 3) = 12.

பெருக்கினால் 2 × 4 × 6 = 48. இங்கே ஒவ்வோர் உறுப்பும் தனக்கென ஒரு 2 கொண்டுவருகிறது. ஆக, வெளியே வருவது 2³: 8 × (1 × 2 × 3) = 48. வெறும் 2 எடுத்தால் 12 வரும், அது தவறு.

அடைப்புக்குறியையும் கவனியுங்கள். அதே எல்லைக்குள் Σ (க + 1) என்றால் 2 + 3 + 4 = 9. அடைப்பு இல்லாமல் Σ க + 1 என்றால் Σ க-வை மட்டுமே கூட்டும், 1 கடைசியில் ஒருமுறைதான் சேரும்: 6 + 1 = 7.

படி 4: உறுப்பே இல்லாவிட்டால்?

தொடக்கம் 1, முடிவு 0 என்றால் எடுக்க எதுவும் இல்லை. அப்போது Σ-வின் மதிப்பு 0, Π-யின் மதிப்பு 1. கூட்டலை 0-விலிருந்தும் பெருக்கலை 1-லிருந்தும் தொடங்கினால்தான் அடுத்து வரும் எண் கெடாமல் இருக்கும். நிரல் எழுதுபவர்களும் இப்படித்தான் தொடங்குவார்கள்.

சரி, இப்போது ஒன்றை நீங்களே போடுங்கள்: Π, க = 1 முதல் 9 வரை, (1 + 1/க). விரித்தால் 2/1 × 3/2 × 4/3 × … × 10/9. ஒன்றின் மேலெண்ணும் அடுத்ததன் கீழெண்ணும் அடிபட்டுக்கொண்டே போய், கடைசியில் 10 மட்டும் மிஞ்சும்.