ஆடுகிற இடத்துக்கு மட்டும் ஹோஸ்: சொந்தமாகக் கட்டும் விமானத்தில் எரிபொருள் குழாய்

ஒஹாயோவில் ஒரு சின்ன விமானத்தளத்து ஹேங்கரில் ஏழு வருஷம் ஆர்.வி.-7 என்ற இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானத்தைக் கட்டினேன். இறக்கை, வால், கண்ணாடி மூடி எல்லாவற்றையும் விட என் தூக்கத்தைக் கெடுத்தவை மூன்றே மூன்று ஹோஸ்கள். ஃபயர்வாலிலிருந்து (என்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவில் தீயைத் தடுக்கும் தகடு) என்ஜின் பம்புக்கு ஒன்று, பம்பிலிருந்து கார்புரேட்டருக்கு ஒன்று, அழுத்தம் காட்டும் சென்ஸாருக்கு மெல்லியதாக ஒன்று. மூன்றையும் நீட்டி வைத்தால் ஆறடி வராது. அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் சொந்தக் கட்டு விமானங்களைப் பற்றி 2012-ல் வெளியிட்ட ஆய்வில், என்ஜின் சக்தி போவது விபத்துகளுக்கு ஒரு முக்கியக் காரணம் என்றது. எரிபொருள் அமைப்பை ஓட்டிப் பார்த்துச் சோதிப்பதைக் கட்டாயமாக்கவும் பரிந்துரைத்தது. அதைப் படித்த பிறகுதான் இந்த ஆறடியை ஒரு தனி வேலையாக எடுத்துக்கொண்டேன்.

முதலில், எங்கே ஹோஸ் வேண்டும், எங்கே வேண்டாம் என்று பிரியுங்கள். டாங்கிலிருந்து ஃபயர்வால் வரை என் விமானத்தில் 3/8 அங்குல அலுமினியக் குழாய்தான். அசையாத இடத்துக்கு அதுவே நல்லது, ஆயுளும் அதிகம். ஃபயர்வாலைத் தாண்டினால் கதை வேறு. என்ஜின் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருக்கிறது. அணைக்கும்போது கடைசி இரண்டு மூன்று சுற்றில் அது உதறுவதைக் கவனித்துப் பாருங்கள், விரற்கடை அளவுக்கு ஆடும். அங்கே உலோகக் குழாய் போட்டால், ஃப்ளேர் செய்த, அதாவது முனையைக் கூம்பாக விரித்த, கழுத்தில் களைத்து விரிசல் விடும். ஆட்டத்தை வாங்கிக்கொள்வதுதான் ஹோஸின் வேலை.

அளவு சுலபம். 180 குதிரைத்திறன் என்ஜினுக்கு ஆறாம் நம்பர். இந்த நம்பர் ஒரு அங்குலத்தைப் பதினாறாகப் பிரித்த கணக்கு: ஆறு என்றால் 3/8 அங்குலக் குழாய்க்கு ஜோடி. ரப்பர் ஹோஸின் உள் துவாரம் 5/16 அங்குலம்தான் இருக்கும், பதற வேண்டாம். விமான ஃபிட்டிங்கின் கூம்பு 37 டிகிரி. கார் கடையில் கிடைக்கும் பித்தளை ஃப்ளேர் ஃபிட்டிங் 45 டிகிரி. இரண்டையும் சேர்த்து முறுக்கினால் இறுகினது போலவே இருக்கும், பிறகு கசியும்.

ரகத்தில் யோசிக்க வேண்டும். கார்புரேட்டர் என்ஜினில் அழுத்தம் 8 பி.எஸ்.ஐ.-யைத் தாண்டாது, எந்த ஹோஸும் தாங்கும். பார்க்க வேண்டியது சூடு, வயது, பெட்ரோலின் சேர்மானம். ரப்பர் உள்ளுறை காலப்போக்கில் இறுகி வெடிப்பு விடும். எத்தனால் கலந்த பெட்ரோல் போட்டால் அது ஒத்துக்கொள்ளும் ரப்பரா என்று தனியாகப் பார்க்க வேண்டும். டெஃப்லான் உள்ளுறைக்கு இந்த இரண்டு தொல்லையும் இல்லை. நான் டெஃப்லான்தான் போட்டிருக்கிறேன், உங்களுக்கும் அதையே சொல்வேன். ஒரே எச்சரிக்கை: பழைய டெஃப்லான் ஹோஸைக் கழற்றினால் வளைந்த வடிவத்திலேயே வையுங்கள். நிமிர்த்தினால் உள்ளே மடிந்து ஒடியும். கார் பந்தயக் கடைகளில் தொங்கும் எஃகுப் பின்னல் ஹோஸ் கண்ணைப் பறிக்கும், ஆனால் அந்தப் பின்னலுக்குள் என்ன ரப்பர் என்று யாருக்கும் தெரியாது. அதை என்ஜின் பக்கம் கொண்டுபோக வேண்டாம்.

ஃபயர்வாலுக்கு முன்னால் போகும் எந்த எரிபொருள் ஹோஸுக்கும் ஃபயர்ஸ்லீவ் வேண்டும். சிலிகான் பூசிய கண்ணாடி இழை உறை அது. தீ தாங்கும் ரகம் 2000 டிகிரி ஃபாரன்ஹீட் சுடரில் 5 நிமிஷம், தீ புகாத ரகம் 15 நிமிஷம் நிற்க வேண்டும் என்பது வரையறை. உறையின் வெட்டு முனையைச் சீல் செய்யாமல் விட்டால் எண்ணெயை விளக்குத்திரி போல உறிஞ்சிக்கொள்ளும். ஃபயர்வாலைத் துளைத்துப் போகும் ஃபிட்டிங் எஃகாக இருக்கட்டும். அலுமினியம் தீயில் உருகி விழுந்தால் மற்ற பாதுகாப்பெல்லாம் வீண்.

இனி அளவெடுப்பது. பலர் சறுக்கும் இடம் இதுதான். இரண்டு முனையிலும் எல்போ (முழங்கை போல வளைந்த ஃபிட்டிங்) இருந்தால் நீளம் மட்டும் போதாது, ஒரு எல்போவுக்கும் மற்றதற்கும் உள்ள கோணமும் வேண்டும். நான் பழைய ஹோஸ் துண்டு ஒன்றில் எல்போக்களைச் சொருகி என்ஜினில் மாட்டி, அது தானாகப் படுக்கும்படி விட்டு, முழு நீளத்துக்கும் ஒரு சாக்பீஸ் கோடு இழுத்தேன். கழற்றி மேஜையில் கோடு நேராக வரும்படி வைத்து, ஒரு எல்போ பார்க்கும் திசையிலிருந்து மற்றது எத்தனை டிகிரி விலகுகிறது என்று அளந்தேன். நீளத்தில் 5 முதல் 8 சதவீதம் தளர்வு சேருங்கள். 20 அங்குல ஹோஸுக்கு ஒன்று, ஒன்றரை அங்குலம். அழுத்தம் ஏறினால் ஹோஸ் நீளம் மாறும், கம்பி மாதிரி விறைப்பாகக் கட்டினால் ஃபிட்டிங்கைப் பிடித்து இழுக்கும்.

மாட்டும்போது ஹோஸின் மேல் நெடுக ஓடும் கோட்டைப் பாருங்கள். அது சுருள்வது தெரிந்தால் ஹோஸ் முறுகியிருக்கிறது, நட்டைத் தளர்த்தி மறுபடி செய்யுங்கள். ஹோஸ் பக்கத்து ஆறுகோணத்தை ஒரு ஸ்பேனரால் பிடித்து, நட்டை மற்றொன்றால் திருப்ப வேண்டும். ஃப்ளேர் மூட்டில் எந்தப் பசையும் டேப்பும் கூடாது, உலோகம் உலோகத்தோடு உட்கார வேண்டும். ஃப்ளேர் இல்லாமல், போகப்போக ஒடுங்கும் கூம்பு மரை உள்ள இடத்தில் மட்டும், முதல் மரையை விட்டுவிட்டு, பெட்ரோல் தாங்கும் சீலன்ட். டெஃப்லான் டேப் வேண்டவே வேண்டாம். நூலாகப் பிரிந்து கார்புரேட்டர் வரை போகும். சென்ஸார் ஹோஸ் தொடங்கும் ஃபிட்டிங்கில் ஓட்டத்தைக் குறுக்கும் ஊசித் துளை ரெஸ்ட்ரிக்டர் போட்டால், அந்த ஹோஸ் அறுந்தாலும் ஒழுகுவது கொஞ்சமாக இருக்கும்.

என்ஜின் பம்புக்கு முந்தைய பகுதியில் ஒரு மறைவான ஆபத்து உண்டு. துணைக்கு இருக்கும் மின்பம்ப் அணைந்திருக்கும்போது அங்கே உறிஞ்சல்தான். மூட்டு தளர்ந்திருந்தால் பெட்ரோல் வெளியே சொட்டாது, காற்று உள்ளே போகும். மின்பம்பை ஓடவிட்டு ஒவ்வொரு மூட்டையும் வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

கடைசியாக, பெட்ரோல் எவ்வளவு வேகமாக வருகிறது என்ற ஓட்ட அளவு. முழுச் சக்தியில் 180 குதிரைக்கு மணிக்கு ஏறக்குறைய 16.5 காலன் செலவாகும், பம்ப் அமைப்புக்கு அதில் 125 சதவீதம், அதாவது 20.6 காலன் வர வேண்டும். ஒரு காலன் 2 நிமிஷம் 55 விநாடிக்குள் நிறைய வேண்டும். ஹேங்கருக்கு வெளியே, விமானத்துக்கும் உலோக கேனுக்கும் எர்த் கம்பி மாட்டி, தீயணைப்பானைப் பக்கத்தில் வைத்து, முன் சக்கரங்களைச் சாய்தளத்தில் ஏற்றி மூக்கை ஏறுகோணத்துக்கும் மேலே தூக்கி, டாங்கில் கொஞ்சமே பெட்ரோல் விட்டுச் செய்தேன். கார்புரேட்டர் முனையில் ஹோஸைக் கழற்றி கேனில் விட்டேன். மகள் ஃபோனில் நேரம் பார்த்தாள்.

"அப்பா, நாலு நிமிஷம் பத்து செகண்ட்."

அப்போது போட்டிருந்தது நானே ஃபிட்டிங் திருகிச் செய்த ரப்பர் ஹோஸ்கள். ஒவ்வொன்றாகக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தேன். ஃபயர்வால் ஹோஸில் வெளிச்சம் முழு வட்டமாக வரவில்லை, பிறை மாதிரி வந்தது. நெடுக்காக அறுத்தேன். ஃபிட்டிங்கின் நிப்பிள் (ஹோஸுக்குள் போகும் குழல்) நுழையும்போது உள் ரப்பரைச் சீவி, வெட்டிப்போட்ட நகத்துண்டு அளவுக்கு ஒரு தோலை மடக்கிவிட்டிருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் குறையில்லாத ஹோஸ் அது. கசிவுச் சோதனையிலும் தேறியிருந்தது. தரையில் என்ஜினை மெதுவாக ஓட்டினாலும் தெரிந்திருக்காது. முழு த்ராட்டிலில் மேலே ஏறும்போதுதான் தெரிந்திருக்கும்.

அன்றைக்கே மூன்றையும் தூக்கிப்போட்டு, தொழிற்சாலையில் ஃபிட்டிங்கை நசுக்கிப் பொருத்தி (கிரிம்ப்) அழுத்தச் சோதனை முடித்த டெஃப்லான் ஹோஸ்களுக்குச் சொல்லிவிட்டேன். அவை வந்த பிறகு இடது டாங்கில் 2 நிமிஷம் 5 விநாடி, வலதில் 2 நிமிஷம் 8. இரண்டையும் லாக்புக்கில் எழுதி, நட் நகர்ந்தால் தெரியும்படி ஒவ்வொரு நட்டின் மேலும் சிவப்புக் கோடு இட்டேன். முதல் என்ஜின் ஓட்டத்துக்குப் பிறகு கௌலிங்கை (என்ஜின் மூடி) கழற்றியபோது, சென்ஸார் ஹோஸின் நட்டில் இட்ட கோடு மட்டும் ஒரு மயிரிழை விலகியிருந்தது.