தொற்றுக் காலத்தில் மனதை நோகடிக்கும் தவறுகள்

2020-இல் கொரோனா வந்தவர்களின் வீட்டு வாசலைத் தகரம் வைத்து அடைத்தது சென்னைக்காரர்களுக்கு மறந்திருக்காது. எங்கள் தெருவிலும் ஒரு வீடு அப்படி அடைபட்டது. உள்ளே இருந்த அம்மா மாடியிலிருந்து கயிறு கட்டி பக்கெட்டை இறக்குவார். இரண்டு நாள் அது வெறும் பக்கெட்டாகவே மேலே போனது. மூன்றாம் நாள் எதிர்வீட்டு அக்கா பாலும் தக்காளியும் வைத்துவிட்டு, "சாப்பிட்டீங்களா?" என்று சத்தமாகக் கேட்டார். அந்த அம்மா அழுதுவிட்டார்.

நோயாளியைக் குற்றவாளி போல நடத்துவதுதான் முதல் தவறு, பெரிய தவறும் அதுதான். வாசலில் தகரம் அடிப்பார்கள் என்று பயந்தவர் காய்ச்சலை மறைப்பார், பரிசோதனைக்கு வரமாட்டார். தொற்றும் பரவும், மனமும் ஒடியும். உரிய அதிகாரியின் உத்தரவு இல்லாமல் வீட்டு வாசலில் நோட்டீஸ் ஒட்டக் கூடாது என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றமே சொல்ல வேண்டியிருந்தது. 'சமூக இடைவெளி' என்ற சொல்லும் சரியில்லை. விலகியிருக்க வேண்டியது உடம்புதான், உறவு அல்ல. உலக சுகாதார நிறுவனமும் 'உடல் இடைவெளி' என்றே சொல்லத் தொடங்கியது.

அடுத்தது, வேலை போனவரிடம் "தைரியமா இருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது. வீட்டில் அரிசி இருக்கிறதா, வாடகை பாக்கியா என்று கேளுங்கள். பாதிப் பதற்றம் அங்கேதான் இருக்கும்.

மனநல மாத்திரை தீர்ந்ததும் அப்படியே விட்டுவிடுவது ஆபத்து. ஊரடங்கு வருகிறது என்றால் கூடுதல் நாட்களுக்குச் சேர்த்து வாங்கி வையுங்கள். மதுக்கடை மூடியதும் தினமும் குடித்தவருக்குக் கை நடுங்கி, வலிப்பு வந்தாலோ, சம்பந்தமில்லாமல் உளறினாலோ அது நடிப்போ திமிரோ அல்ல. உயிருக்கே ஆபத்தான நிலை, உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும்.

நாள் முழுக்க டிவியில் சாவு எண்ணிக்கை ஓடுவதையும் நிறுத்துங்கள். காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை போதும்.

முகம்கூடப் பார்க்காமல் அப்பாவை அனுப்பிவைத்த பிள்ளைகள் எத்தனையோ பேர். அவர்களிடம் "நடந்தது நடந்துபோச்சு, மறந்துடு" என்று சொல்லாதீர்கள். அப்பாவைப் பற்றிப் பேசவிடுங்கள். விட்டுப்போன சடங்கைப் பிறகாவது செய்ய உதவுங்கள். தூக்கமும் பசியும் வாரக்கணக்கில் திரும்பவில்லை என்றால் 14416-ஐ அழைக்கலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய 'டெலி மானஸ்' என்ற இலவசத் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவை அது, தமிழிலேயே பேசலாம். போன் போடத் தயங்குபவருக்கு நீங்களே எண்ணைச் சுழற்றி, பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளுங்கள்.