ஓரக்கோடு யாருக்குச் சொந்தம்? பார்வை பற்றி நாம் போடும் தப்புக் கணக்குகள்

மேசையில் ஒரு டம்ளர். டம்ளர் வேறு, மேசை வேறு என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடுகிறது. இவ்வளவு சுலபமாக நடப்பதால்தான் இதைத் தவறாகப் புரிந்துகொள்கிறோம்.

பிரித்துக் காட்டுவது கண்தான் என்று நினைப்பது முதல் தவறு. விழித்திரையில் விழுவது வெளிச்சமும் நிறமும் கலந்த தட்டையான ஒரு பரப்பு மட்டுமே. எங்கே டம்ளர் முடிகிறது என்று அதில் எழுதியிருக்காது. அதைக் கண்டுபிடிப்பது மூளை.

அடுத்தது, படித்தவர்களும் செய்கிற தவறு: ஓரங்களைக் கண்டுபிடித்துவிட்டால் வேலை முடிந்தது என்பது. ஓரக்கோடுகளுக்கென்றே தூண்டப்படும் மூளைச் செல்களை ஹியூபல், வீசல் என்ற நரம்பியல் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். 1981இல் நோபல் பரிசும் பெற்றார்கள். சரி, ஓரம் கிடைத்துவிட்டது. அது யாருடையது? இரண்டு வயலுக்கு நடுவிலுள்ள வரப்பு இருவருக்கும் பொதுவாக இருக்கலாம். பார்வையில் அப்படி நடப்பதில்லை. ஓரம் ஒரு பக்கத்துக்குத்தான் பட்டா. மறுபக்கம் பின்னணியாகி, அந்தப் பொருளுக்குப் பின்னாலும் தொடர்வதுபோல் தோன்றும். டென்மார்க்கின் உளவியலாளர் எட்கர் ரூபின் 1915இல் வெளியிட்ட ஜாடிப் படத்தைப் பாருங்கள்: நடுவில் ஜாடி, அதன் இருபுறமும் எதிரெதிராகப் பார்க்கும் இரண்டு முகங்கள். ஓரம் ஜாடிக்குப் போனால் முகங்கள் மறைகின்றன. முகங்களுக்குப் போனால் ஜாடி மறைகிறது. படத்தில் ஒரு புள்ளிகூட மாறவில்லை!

இந்தப் பட்டாவை எழுதும் செல்கள் உண்மையிலேயே உண்டு. குரங்குகளின் பார்வைப் புறணியில், அதாவது மூளையில் பார்வையைக் கவனிக்கும் மேலடுக்கில், ஃபொன் டெர் ஹைட் என்ற ஆய்வாளரின் குழுவினர் அவற்றைக் கண்டு 2000இல் வெளியிட்டார்கள். அதே ஓரம், அதே இடம். ஆனால் பொருள் இடப்பக்கம் இருந்தால் ஒரு செல் அதிகம் துடிக்கும், வலப்பக்கம் இருந்தால் குறைவாகத் துடிக்கும். அந்தச் செல் நேரடியாகப் பார்ப்பதோ ஒரு சின்னத் துண்டு மட்டும். சுற்றுப்புறச் செய்தி வேறு செல்களிடமிருந்து அதற்கு வந்தாக வேண்டும். எனக்கு இது இன்றும் வியப்பு.

நிறம் வேறுபட்டால் போதும் என்பதும் தவறு. மரப்பட்டையில் ஒட்டியிருக்கும் ஓணான் அசையும்வரை கண்ணில் படாது. அசைந்ததும் தெரிகிறது. நிறம் மாறியதாலா? இல்லை, சில புள்ளிகள் மட்டும் சேர்ந்து நகர்ந்ததால்.

அப்புறம், கண் திறந்தால் எல்லாம் தானாகப் பிரிந்து தெரியும் என்ற எண்ணம். மூளை ஆய்வாளர் பவன் சின்ஹாவின் பிரகாஷ் திட்டம் இந்தியாவில் பார்வையின்றி வளர்ந்தவர்களுக்குச் சிகிச்சை மூலம் பார்வை கிடைக்கச் செய்தது. புதிதாகப் பார்வை பெற்ற சிலரிடம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் வடிவங்களைக் காட்டினார்கள். நாம் இரண்டு வடிவமாகக் காண்பது அவர்களுக்குப் பல துண்டுகளாகத் தெரிந்தது. அதே வடிவங்களை நகர்த்திக் காட்டியதும் சரியாகப் பிரித்துச் சொன்னார்கள்.