இடுப்பு மூட்டு இடிக்கிறதா? காலை இழுக்கும் முன் இடுப்பைச் சாய்க்கப் பழகுங்கள்

ஸ்கூட்டரில் காலைத் தூக்கிப் போடும்போதும், தாழ்வான சோபாவில் அரை மணி நேரம் உட்கார்ந்து எழும்போதும், சம்மணத்திலிருந்து எழும்போதும் தொடை இடுக்கில் சுருக்கென்று ஒரு குத்தல். எங்கே வலி என்று கேட்டால் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் இடுப்பின் பக்கவாட்டைக் கவ்வி 'இதுக்குள்ள' என்பார்கள். அந்தக் கைப்பிடியை மருத்துவர்கள் 'சி சைன்' என்கிறார்கள். ஹிப் இம்பின்ஜ்மென்ட், அதாவது இடுப்பு மூட்டில் எலும்பு முட்டும் பிரச்சினை, இருப்பவர்கள் வலியைக் காட்டும் விதம் பெரும்பாலும் அதுதான்.

உள்ளே நடப்பது இதுதான். தொடை எலும்பின் தலையும் கழுத்தும் சேரும் இடத்தில் கூடுதலாக ஒரு மேடு இருக்கும். இது கேம் வகை. அந்தத் தலை பொருந்தி உட்காரும் கிண்ணத்தின் விளிம்பு கொஞ்சம் நீண்டிருந்தால் பின்சர் வகை. பலருக்கு இரண்டுமே இருக்கும். தொடையை மேலே மடக்கி உள்பக்கம் திருப்பினால் மேடு போய் விளிம்பில் முட்டும். நடுவில் அகப்படுவது லேப்ரம் என்ற குருத்தெலும்பு வளையம். எலும்போடு எலும்பு முட்டுகிற இடத்தில் 'தசை இறுகிப்போச்சு' என்று நினைத்து அதே திசையில் இழுப்பது, நிலைக்கதவின் இடுக்கில் கல் கிடக்கும்போது கதவை ஓங்கிச் சாத்துவது போன்றது. முழங்காலை எதிர்த்தோளுக்கு இழுக்கும் ஸ்ட்ரெட்ச், முன்காலைக் குறுக்கே மடக்கிப் பின்காலை நீட்டி உட்காரும் 'பிஜியன் போஸ்' ஆசனம், மல்லாந்து படுத்து இரு பாதங்களையும் பிடித்து இழுப்பது ஆகிய மூன்றையும் இன்றே நிறுத்துங்கள்.

கிண்ணம் இடுப்பெலும்பின் ஒரு பகுதி. இடுப்பு முன்னால் சாய்ந்தால் கிண்ணத்தின் முன்விளிம்பும் தொடை மேல் இறங்கி வரும், முட்டல் சீக்கிரமே நடக்கும். பின்னால் சாய்ந்தால் விளிம்பு விலகி இடம் கிடைக்கும். 2014இல் வெளியான ஓர் ஆய்வு, இதே பிரச்சினை உள்ளவர்களின் சி.டி. படங்களை வைத்து இதைக் கணினியில் அளந்தது. இடுப்பு 10 டிகிரி கூடுதலாக முன்சாய்ந்தால், தொடையை 90 டிகிரி மடக்கிய நிலையில் உள்திருப்பம் ஏறக்குறைய 6 டிகிரி குறைந்தது. 10 டிகிரி பின்சாய்த்தால் ஏறக்குறைய 5 டிகிரி கூடியது. பயிற்சி செய்து எலும்பு மேட்டைக் கரைக்க முடியாது. இடம் பண்ணிக்கொடுக்க முடியும்.

இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் வலி, காய்ச்சல், கால் ஊன்றவே முடியாத நிலை, நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுத்த வரலாறு, ஓட்டப் பயிற்சியைக் கூட்டியபின் திடீரென வந்த வலி: இவற்றில் ஏதாவது இருந்தால் எலும்பு மருத்துவரைப் பார்த்த பிறகு கீழே படியுங்கள். எக்ஸ்ரே எடுக்கும்போது வழக்கமான முன்படத்தோடு தொடையை மடக்கி அகட்டி எடுக்கும் 'டன் வியூ' படமும் தேவையா என்று கேளுங்கள். கேம் மேடு முன்படத்தில் ஒளிந்துகொள்வது உண்டு.

வேண்டிய பொருட்கள்

ஜமுக்காளம், ஒரு தலையணை, நாற்காலி, தடிப்பான நான்கைந்து புத்தகங்கள், இஞ்சு டேப். ஃபோம் ரோலர் வாங்க வேண்டாம், மூட்டுக்குள் முட்டுவதை அது தொடக்கூட முடியாது. மெத்தையில் செய்யாதீர்கள். இடுப்பு அமிழ்ந்துவிட்டால் எவ்வளவு சாய்கிறது என்றே தெரியாது.

முதலில் ஓர் அளவு. மல்லாந்து படுத்து, வலிக்கும் காலை மெதுவாக நெஞ்சை நோக்கி மடக்குங்கள். குத்தல் தொடங்கும் நொடியில் நிறுத்தி, முழங்காலுக்கும் நெஞ்சுக்கும் உள்ள இடைவெளியை யாரையாவது அளக்கச் சொல்லிக் குறித்து வையுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அளந்தால் போதும், தினமும் சோதித்தால் அந்தச் சோதனையே வலியைக் கிளப்பும்.

படி 1: படுத்தபடி சாய்ப்பது

மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்குங்கள். குதிகால் பிட்டத்திலிருந்து ஓரடி தள்ளி இருக்கட்டும். பெல்ட் போட்டிருப்பதாக வைத்துக்கொண்டு, மூச்சை விட்டபடி பக்கிளை மோவாயை நோக்கித் திருப்புங்கள். கீழ்முதுகு தரையில் படியும். இது பின்சாய்வு. மூச்சை இழுக்கும்போது விட்டுவிடுங்கள். 10 முறை, 2 சுற்று, தினமும்.

பாதத்தால் தரையை உதைத்துத்தான் பலர் இதைச் செய்கிறார்கள். உதைக்கிறீர்களா என்று பார்க்க, சாய்த்த நிலையில் ஒரு பாதத்தை ஒரு விரல் உயரம் தூக்குங்கள். முதுகு தரையை விட்டு எழுந்தால் வேலை செய்தது கால், வயிறு இல்லை.

படி 2: தவழும் நிலையில் பின்னுக்குப் போவது

தோளுக்கு நேர்கீழே கைகள். முழங்கால்கள் இடுப்பை விடச் சற்று அகலமாக. பிட்டத்தைக் குதிகாலை நோக்கி நகர்த்துங்கள். குத்தல் எங்கே தொடங்குகிறதோ அந்த இடத்தை மனதில் வைத்து முன்னே வாருங்கள். இப்போது படி 1இன் சாய்வைப் பாதியளவு போட்டு, கீழ்முதுகை லேசாகக் கூனவிட்டு மறுபடி போங்கள். பலருக்கு முன்பை விடச் சில விரற்கடை அதிகம் போக முடியும். வித்தியாசமே தெரியவில்லை என்றால் முழங்கால்களை இன்னும் ஒரு சாண் அகட்டிப் பாருங்கள். குத்தல் தொடங்கும் இடத்துக்கு இரண்டு விரற்கடை முன்பே நிறுத்தி 10 முறை.

படி 3: ஒரு காலில் மண்டியிட்டு முன்தொடையை நீட்டுவது

எல்லோரும் வழுக்கி விழும் படி இது. பார்த்தால் எளிது, சரியாகச் செய்பவர்கள் குறைவு.

வலிக்கும் பக்க முழங்காலைத் தலையணை மேல் ஊன்றுங்கள். மற்றக் காலின் பாதம் முன்னால், முழங்காலுக்கு நேர்கீழே. உடம்பு நேராக. முன்னே சாயாதீர்கள். முதலில் பக்கிளை மேலே திருப்புங்கள். பிறகு ஊன்றிய பக்கத்துப் பிட்டத்தை மட்டும் இறுக்குங்கள். இதிலேயே முன்தொடையின் மேல்பாதியில் இழுவை வந்துவிடும். வந்தால் அங்கேயே இருங்கள். வராவிட்டால் மட்டும், சாய்வை விடாமல், மொத்த உடம்பையும் நாலு விரற்கடை முன்னே நகர்த்துங்கள். 30 விநாடி, 3 முறை.

ஒரு காலை முன்னே வைத்துப் பாயும் வழக்கமான 'லஞ்ச்' பயிற்சியில் என்ன தவறு? நன்றாக முன்னே பாய்ந்தால் 'நல்லா நீளுது' என்று தோன்றும். உண்மையில் நீள்வது கீழ்முதுகின் வளைவு. இடுப்பு முன்சாய்ந்து, தொடை எலும்பின் தலை மூட்டின் முன்சுவரில் அழுந்துகிறது. ஏற்கெனவே நொந்துபோன லேப்ரம் இருப்பதும் அந்தப் பக்கம்தான். அடையாளம் எளிது: இழுவை தொடையின் சதையில் பரவலாக இருந்தால் சரி. தொடை இடுக்கின் மடிப்பில் ஒரு புள்ளியாக இருந்தால் தவறு.

பின்சேர்க்கை: வலிக்காத பக்கத்தை நீட்டும்போது, முன்னால் வைத்த வலிக்கும் காலில் குத்துகிறது என்று பலர் எழுதியிருந்தார்கள். முன்கால் 90 டிகிரி மடங்குவதே காரணம். பாதத்தை அரையடி முன்னே தள்ளி, வெளிப்பக்கமாகவும் வையுங்கள். முழங்கால் வலியால் மண்டியிட முடியாதவர்கள் நின்றபடி, ஒரு காலை ஓரடி பின்னே வைத்து, அதே சாய்வையும் பிட்ட இறுக்கத்தையும் செய்யலாம்.

படி 4: வலு

கிடைத்த இடத்தைப் பிடித்துவைப்பது தசை. படி 1இன் சாய்வைப் போட்டுக்கொண்டு பிட்டத்தைத் தூக்கும் பிரிட்ஜ், 10 முறை, 3 சுற்று. மேலே போனதும் விலா எலும்பு துருத்தினால் உயரம் அதிகம். அடுத்தது, சுவரோடு முதுகை ஒட்டிப் பக்கவாட்டில் படுத்து, மேல்காலைச் சுவரில் குதிகால் உரசும்படி தூக்குவது, அதே எண்ணிக்கை. கால் சுவரை விட்டு முன்னே வந்தால் பிட்டத்தின் பக்கத்தசைக்குப் பதில் முன்தொடைத் தசை வேலையைப் பறித்துக்கொள்கிறது. படி 4, 5 இரண்டும் ஒரு நாள் விட்டு ஒரு நாள்.

படி 5: நாற்காலி ஸ்குவாட்

ஜிம்மில் 'நெஞ்சை நிமிர்த்து, முதுகை வளை' என்பார்கள். இந்த மூட்டுக்காரர்களுக்கு அந்த வளைவுதான் வினை. குந்திக் கீழே போகப் போக இடுப்பு இயல்பாகவே கொஞ்சம் பின்சாயும். கேம் உள்ளவர்களுக்கு அந்த அசைவு குறைவு என்பது ஆய்வுகளில் பதிவாகியுள்ளது. அதை வலிந்து தடுக்காதீர்கள்.

கால்கள் தோளகலத்தை விட அகலமாக, பாதம் 20-30 டிகிரி வெளியே திரும்பி. நாற்காலியில் தடிப்பான புத்தகங்களை அடுக்கி, பிட்டம் தொட்டதும் எழுங்கள். 8 முறை, 3 சுற்று. குத்தலில்லாமல் ஒரு வாரம் போனால் ஒரு புத்தகத்தை எடுத்துவிடுங்கள். எடை தூக்காமல் மட்டும். முதுகு கூனி பாரம் தூக்குவது வேறு வம்பு.

வலியை 10க்கு மதிப்பிட்டால் 3 வரை பரவாயில்லை. மறுநாள் காலைக்குள் அது பழைய நிலைக்கு வந்திருக்க வேண்டும். வராவிட்டால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள்.

மீதி 23 மணி நேரம்

இடுப்பு முழங்காலை விட உயரமாக இருக்கும்படி உட்காருங்கள். காரில் சீட்டின் முதுகைச் சற்றுப் பின்னே சாயுங்கள். சம்மணம் போட்டே ஆக வேண்டுமென்றால் பிட்டத்தின் கீழ் ஒரு சாண் உயரத்துக்குப் போர்வை மடித்துப் போடுங்கள். வலி அடங்கும் வரை இந்தியன் டாய்லெட்டைத் தவிர்ப்பது நல்லது. வெஸ்டர்னில் காலடியில் முக்காலி போட்டுக்கொள்ளும் பழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள், மடங்கும் கோணம் அதேதான். பரதம் ஆடுபவர்கள் அரைமண்டியில் பாதத்தை இன்னும் திருப்ப இடுப்பை முன்சாய்ப்பது வழக்கம். கண்ணாடி முன் பக்கவாட்டில் நின்று இதைக் கவனியுங்கள்.

அதற்காக நாள் முழுக்க பிட்டத்தை உள்ளே இழுத்துக்கொண்டு நடக்க வேண்டாம். இது ஆழமாக மடக்கும்போது பயன்படுத்தும் அசைவு, நிற்கும் தோரணை இல்லை. எப்போதும் இழுத்தே வைத்தால் கீழ்முதுகு பிடித்துக்கொள்ளும்.

எவ்வளவு நாள்? குறைந்தது 12 வாரம். பிரிட்டனில் 23 மருத்துவமனைகளில் 348 பேரிடம் நடந்து 2018இல் வெளியான சோதனையில், பிசியோதெரபி பிரிவினருக்கு 12 முதல் 24 வாரத்தில் 6 முதல் 10 அமர்வுகள் தரப்பட்டன. ஓராண்டு முடிவில் அந்தப் பிரிவும் முன்னேறியது, சிறு துளை வழியே செய்யும் ஆர்த்ரோஸ்கோபி அறுவைப் பிரிவு அதைவிடக் கூடுதலாக முன்னேறியது. ஆகவே மூன்று மாதம் ஒழுங்காகச் செய்தும் டேப் அளவும் வலியும் அசையவில்லை என்றால் அறுவை மருத்துவரிடம் பேசுவதில் தவறில்லை.

கடைசியாக, பலர் கேட்ட 'டக்' சத்தம். காலை நீட்டும்போது வலியில்லாமல் சத்தம் மட்டும் வந்தால் பெரும்பாலும் தசைநாண் எலும்பின் மேல் நழுவுவதுதான், விட்டுவிடலாம். சத்தத்தோடு மூட்டு ஒரு நொடி பூட்டிக்கொண்டால் படி 3ஐயும் 5ஐயும் நிறுத்திவிட்டு, மருத்துவரிடம் காட்டுங்கள்.